நடுக்குவாதமும் மீயொலியும்

நுழையும்முன்

கை நடுங்கும் முதியவரைக் கண்டால் 'வயதாகிவிட்டது' என்று சொல்லிக் கடந்துவிடுவது உலக வழக்கம். அந்நடுக்கம் மருந்தின் விளைவா, மரபுவழி வந்த இயல்பா, நடுக்குவாதம் என்னும் நோயா என்று பிரித்தறிவது தேர்ந்த மருத்துவருக்கும் எளிதன்று. கருப்பையில் வளரும் குழந்தையைக் காட்டும் அதே மீயொலிக் கருவி, மண்டையோட்டையும் கடந்து நடுமூளையின் ஒரு சிறு பகுதியைக் காட்டி, மருத்துவருக்குத் துணைநிற்கிறது. அத்துணையின் ஆற்றலையும் எல்லையையும் விளக்குகிறது இப்பாடம்.

தெருவில் கண்ட நோய்

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் ஒரு சிறுநூலை வெளியிட்டார். நடுக்கத்தோடு கூடிய ஒருவகை வாதத்தைப் பற்றிய அந்நூலில் ஆறு பேரின் நிலை விவரிக்கப்பட்டிருந்தது. அவர்களுள் சிலர் அவரிடம் மருத்துவத்திற்கு வந்தவர்கள் அல்லர். தெருவில் நடந்துசென்றபோது அவர் கண்ணில் பட்டவர்கள். ஓய்ந்திருக்கும் கையில் நடுக்கம், முன்னோக்கிச் சாய்ந்த உடல், நடக்கத் தொடங்கினால் தம்மையறியாமல் ஓட்டமாக மாறிவிடும் நடை ஆகியவற்றை அவர் கூர்ந்து நோக்கி எழுதினார். பிற்காலத்தில் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே சூட்டினார். நம் நாட்டு மருத்துவ மரபு நடுக்கத்தை முதன்மைக் குறியாகக் கொண்ட வாத நோயைக் கம்பவாதம் எனக் குறிக்கும். தமிழில் இன்று நடுக்குவாதம் என்னும் சொல் வழங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் 85 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர்.

நோயின் இருப்பிடம் எது என்பது பார்க்கின்சனுக்குத் தெரியாது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1919-இல், பாரிசில் ஆய்வு மேற்கொண்ட திரெத்தியாக்கோவ் என்பவர் அதனைச் சுட்டிக்காட்டினார். நடுமூளையின் இருபுறமும் கரிய நிறமுடைய மெல்லிய பட்டைபோன்ற பகுதி ஒன்று உண்டு. இலத்தீன் மொழியில் 'கரும்பொருள்' எனப் பொருள்படும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பது அதன் பெயர். இங்குள்ள நரம்புச்செல்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, உடலசைவுகளைச் சீராக்கும் மூளைப்பகுதிகளுக்கு அனுப்புகின்றன. செல்களில் சேரும் ஒரு நிறமியே அப்பகுதிக்குக் கருமை தருகிறது. நடுக்குவாதத்தில் இச்செல்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன, கரும்பொருள் வெளுக்கிறது.

இவ்வழிவு ஓசையின்றி நிகழ்வது. கரும்பொருளின் செல்களில் ஏறத்தாழ பாதி மறைந்த பிறகே கை நடுங்கத் தொடங்குகிறது. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசப்படாமல் உடலோடு ஒட்டிக்கிடக்கிறது. கையெழுத்து வரவரச் சிறுத்துப்போகிறது. முகத்தில் உணர்ச்சி தெரிவது குறைகிறது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மணம் அறியும் திறன் மங்குவதும், மலச்சிக்கலும், கனவில் கைகால்களை வீசி அடிப்பதும் தோன்றியிருக்கலாம். ஆயினும், காப்பியின் மணம் தெரியவில்லை என்பதற்காக நரம்பியல் மருத்துவரை நாடுவோர் யார்?

பிரித்தறிவதில் உள்ள இடர்

நடுக்குவாதத்தை மருத்துவர் முதன்மையாகத் தம் கண்ணாலும் கையாலுமே கண்டறிகிறார். நோயாளியை நடக்கச் சொல்கிறார். விரல்களைத் தட்டச் சொல்கிறார். மணிக்கட்டைப் பிடித்து மடக்கி விறைப்பை உணர்கிறார். இம்முறை சிறந்ததுதான், ஆனால் பிழையற்றதன்று. உயிரோடிருந்தபோது நடுக்குவாத நோயாளிகள் என்று மருத்துவர்களால் முடிவுசெய்யப்பட்ட 100 பேரின் மூளைகளை, அவர்கள் இறந்தபின் இலண்டன் ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். அந்நோயின் அடையாளங்கள் 76 மூளைகளில் மட்டுமே காணப்பட்டன. 1992-இல் வெளிவந்த அவ்வாய்வு, நால்வரில் ஒருவருக்கு வேறு ஏதோ ஒன்று இருந்தது என்பதை வெளிப்படுத்தியது.

அந்த 'வேறு ஏதோ ஒன்று' பலவகைப்படும். தண்ணீர்க் குவளையைத் தூக்கும்போதும் எழுதும்போதும் கை நடுங்கி, மடியில் ஓய்ந்திருக்கும்போது நடுக்கம் அடங்கிவிடும் நிலை ஒன்று உண்டு. பெரும்பாலும் குடும்ப வழியாக வரும் அதனை இயல்புநடுக்கம் எனலாம். அது கரும்பொருளின் அழிவால் வருவதன்று. மனநோய்க்கும் வாந்திக்கும் தலைச்சுற்றலுக்கும் தரப்படும் சில மருந்துகள் டோபமினின் வேலையைத் தடுத்து, நடுக்குவாதத்தை அப்படியே ஒத்த தோற்றத்தை உண்டாக்குவதுண்டு. மருந்தை நிறுத்தினால் அது பெரும்பாலும் மெல்ல நீங்கும். மூளையின் பல பகுதிகளை ஒருங்கே தாக்கும் அரிய நோய்கள் சிலவும் தொடக்கத்தில் இதே வேடத்தில் வருகின்றன.

பிழை எத்திசையில் நேர்ந்தாலும் அதன் சுமை நோயாளியின் மேல்தான் விழுகிறது. இயல்புநடுக்கம் உள்ளவர் தமக்குத் தேவையற்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் விழுங்குவார். உடல் முடங்கிவிடும் என்னும் அச்சத்தோடு வாழ்வார். நோய் உள்ளவரோ, முதுமை என்று தள்ளிவைக்கப்பட்டு, பலன்தரும் மருந்து இருந்தும் அதைப் பெறாமல் துன்புறுவார்.

தெரிந்து தெளிவோம்

நடுக்குவாதத்திற்குத் தரப்படும் முதன்மையான மருந்து லெவோடோபா. மூளைக்குள் சென்றதும் இது டோபமினாக மாறுகிறது. வேலிகளிலும் புதர்களிலும் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையில் இப்பொருள் உள்ளது. அவ்விதையிலிருந்து இதனைப் பிரித்தெடுத்ததை 1937-ஆம் ஆண்டில் தாமோதரன், இராமசாமி என்னும் இந்திய அறிவியலாளர்கள் வெளியிட்டனர். நடுக்குவாதத்திற்கு இது மருந்தாகும் என்பது தெரியவர அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று.

மண்டையோடு என்னும் மதில்

மாந்தர் செவி உணரக்கூடிய ஒலியின் மேல்எல்லை நொடிக்கு 20,000 அதிர்வுகள். அதற்கு மேற்பட்டது மீயொலி. வௌவால் மீயொலியை எழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு இருளில் பூச்சியின் இருப்பிடத்தை அறிகிறது. மருத்துவமனையில் 'ஸ்கேன்' என்று நாம் பொதுவாகச் சொல்லும் கருவியும் அவ்வாறே இயங்குகிறது. தோலின்மேல் வைக்கப்படும் ஆய்வுமுனை ஒலித்துடிப்புகளை உள்ளே செலுத்துகிறது. உடலின் மென்திசுக்களில் நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் விரைவில் செல்லும் அவ்வொலி, தன்மை மாறுபட்ட இரு திசுக்கள் சந்திக்கும் இடங்களில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரம் ஆழத்தைச் சொல்கிறது. எதிரொலியின் வலிமை திரையில் வெண்மையாகிறது. வலிமையான எதிரொலி வெள்ளைப் புள்ளி. எதிரொலியே இல்லாத நீர்ப்பகுதி கருமை.

கல்லீரலையும் சிறுநீரகத்தையும் இவ்வாறு காண்பது எளிது. மூளைக்கு மட்டும் எலும்பால் ஆன மதில் உண்டு. மண்டையோட்டின் நடு அடுக்கு கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்தது; உள்ளே புகும் ஒலியைச் சிதறடித்து விழுங்கிவிடும். மருத்துவ வரலாற்றில் மீயொலியைக் கொண்டு உடலின் உட்பகுதியைப் படமாக்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவரான ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் துசிக், எடுத்த எடுப்பிலேயே மூளையைத்தான் தேர்ந்தெடுத்தார் என்பது வியப்புக்குரியது. 1942-இல் அவர் தம் முயற்சியை வெளியிட்டார். மூளையின் உள்ளறைகள் எனக் கருதி அவர் காட்டிய உருவங்கள், மண்டையோட்டின் தடிமன் இடத்துக்கிடம் மாறுவதால் விளைந்த பொய்யுருவங்களே என்பதைப் பின்வந்தோர் மெய்ப்பித்தனர். பகைவரின் கோட்டையைப் பார்த்ததாக எண்ணி மதிலை மட்டும் பார்த்துத் திரும்பிய ஒற்றன் கதை அது.

எந்த மதிலுக்கும் ஒரு திட்டிவாசல் இருக்கும். காதுக்குச் சற்று முன்னே, கன்ன எலும்பின் வளைவுக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தால் அவ்விடம் சற்றுக் குழிந்திருப்பதை உணரலாம். இந்நெற்றிப்பொட்டுப் பகுதியில் மண்டையோடு மெல்லியது. 1982-இல் ரூனே ஆஸ்லித் என்பவரும் அவர்தம் குழுவினரும் இப்பகுதியின் வழியே மீயொலியைச் செலுத்தி, மூளைக் குருதிக்குழாய்களில் குருதி ஓடும் விரைவை அளந்துகாட்டினர். அன்றுமுதல் இதற்கு 'எலும்புச் சாளரம்' என்னும் பெயர் நிலைத்தது.

அதன்வழியே ஒலி நுழைய ஒரு விலை கொடுக்க வேண்டும். அதிர்வெண் மிகுந்த ஒலி நுட்பமான படத்தைத் தரும். ஆனால் எலும்பில் விரைவில் தேய்ந்துவிடும். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைக் காண 10 மெகா ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி பயன்படுகிறது. நெற்றிப்பொட்டைக் கடக்க 2 மெகா ஹெர்ட்ஸ் அளவிற்கு இறங்க வேண்டும். அவ்வொலியின் அலைநீளம் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுதி. அதைவிடச் சிறிய நுணுக்கங்களைத் தெளிவாகக் காட்டும் என எதிர்பார்க்க இயலாது. ஆகவே, அழியும் நரம்புச்செல் எதனையும் இக்கருவி நேரில் காண்பதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வெளுத்தது ஒளிர்ந்தது

செருமனி நாட்டு வூர்ட்ஸ்பர்க் நகரில் நரம்பியல் மருத்துவர் கியோர்க் பெக்கரும் அவர்தம் குழுவினரும் 1995-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நடுக்குவாத நோயாளிகளின் நடுமூளையை நெற்றிப்பொட்டின் வழியே நோக்கியபோது, கரும்பொருள் இருக்குமிடத்தில் வழக்கத்திற்கு மாறான வெண்மை தெரிந்ததாக அதில் குறித்திருந்தனர். இதனை மிகை எதிரொலிப்பு என்பர். செல்கள் அழியும் இடத்தில் எதிரொலி ஏன் கூட வேண்டும்? அக்காலத்தில் சி.டி., எம்.ஆர்.ஐ. முதலிய விலைமிகுந்த கருவிகளின் வழக்கமான படங்களிலேயே தெரியாத ஒன்று, எளிய மீயொலிக் கருவியில் எவ்வாறு தெரியும்? ஐயம் எழுந்தது இயற்கையே. ராஸ்டாக் நகர ஆய்வாளர்கள் தனியே ஆராய்ந்து 2002-இல் இதனை உறுதிப்படுத்தினர். பின்னர்ப் பல நாடுகளிலும் இதே முடிவு கிடைத்தது.

காரணம் இரும்பு எனக் கருதப்படுகிறது. இந்நோயாளிகளின் கரும்பொருளில் இரும்பின் அளவு மிகுந்திருக்கிறது. எலிகளின் மூளையில் இரும்பைச் செலுத்தியபோது அவ்விடத்தில் எதிரொலி கூடியது. இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோதும் இரும்பு மிகுந்த இடத்தில் எதிரொலி மிகுந்திருந்தது. ஆய்வாளரின் வெறுங்கண்ணுக்கு வெளுத்துத் தோன்றும் அதே பட்டை, ஒலியின் கண்ணுக்கு ஒளிர்ந்து தோன்றுகிறது. எனினும், இரும்பு மட்டுமே காரணமா, அதனோடு திசுவின் வேறு மாற்றங்களும் சேர்கின்றனவா என்பது இன்னும் ஆராயப்படுகிறது.

இச்சோதனை நடைபெறும் முறை எளியது. நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். அறையின் வெளிச்சம் குறைக்கப்படும். மருத்துவர் நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி, ஆய்வுமுனையை வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்ப்பார். திரையில் வெண்மையான சூழலுக்கு நடுவே, சிறகு விரித்த பட்டாம்பூச்சியின் வடிவில் கருமையான ஓர் உருவம் தோன்றும். அதுவே நடுமூளை. ஒவ்வொரு சிறகிலும் கரும்பொருளின் இடத்தில் தெரியும் வெண்ணிறத் திட்டைப் பெரிதாக்கி, அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்தால் கருவி பரப்பளவைச் சொல்லும். பல ஆய்வகங்களில் 0.20 முதல் 0.25 சதுர சென்டிமீட்டர் வரையிலான ஓர் அளவே எல்லைக்கோடாகக் கொள்ளப்படுகிறது. ஒரு துவரம்பருப்பின் முகப்பளவுதான் அது. அவ்வளவு சிறிய திட்டை அளப்பதால், அளப்பவரின் பயிற்சி இங்கே மிக இன்றியமையாதது. கதிர்வீச்சு இல்லை; ஊசி இல்லை; செலவும் குறைவு. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அசையாமல் கிடக்க இயலாத, ஓயாமல் நடுங்கும் நோயாளிக்கும் இதனைச் செய்யலாம்.

குறையும் உண்டு. பத்துப் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு நெற்றிப்பொட்டு எலும்பு ஒலியை உள்ளே விடுவதில்லை. முதிய பெண்களிடம் இந்நிலை மிகுதி. அவர்களுக்குச் சாளரம் அடைபட்டது; இச்சோதனையால் பயனில்லை.

ஒரே சோதனை, இரு வினாக்கள்

நடுக்குவாத நோயாளிகளுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேரிடம் மிகை எதிரொலிப்பு காணப்படுகிறது. நோயற்றவர்களுள்ளும் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் அது உள்ளது. இரண்டாவது செய்தி தற்செயலானதன்று. எல்லைக்கோடு வகுக்கப்படும் முறையிலேயே அது அடங்கியிருக்கிறது. நலமுடையோர் பலரை அளந்து, அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் எந்த அளவுக்குக் கீழே இருக்கிறார்களோ அந்த அளவையே எல்லையாக வைப்பது வழக்கம். எஞ்சிய ஒருவர் கோட்டிற்கு மேலேதான் நிற்பார்.

இதன் விளைவை ஒரு கணக்கால் அறியலாம். நடுக்குவாத ஐயத்தோடு மருத்துவரிடம் வந்த 100 பேரைக் கொள்வோம். அவர்களுள் 50 பேருக்கு உண்மையில் நோய் உள்ளது எனக் கொள்வோம். நோயுள்ளவருள் 45 பேரிடமும் நோயற்றவருள் 5 பேரிடமும் வெண்திட்டுத் தெரியும். ஆக, திட்டுத் தெரிந்த 50 பேரில் 45 பேருக்கு நோய் உண்டு. நல்ல சான்று. இனி, எந்தக் குறையும் சொல்லாத, 60 வயது கடந்த 1000 பேரைத் தெருவிலிருந்து அழைத்துவந்து சோதிப்பதாகக் கொள்வோம். அவ்வயதினரில் நூற்றுக்கு ஒருவர் என்னும் கணக்கில் 10 பேருக்கு நோய் இருக்கலாம். அவர்களுள் 9 பேரிடம் திட்டுத் தெரியும். எஞ்சிய 990 பேருள் 99 பேரிடமும் தெரியும். திட்டுள்ள 108 பேரில் 9 பேர்க்கே நோய், பன்னிருவரில் ஒருவர். கருவி மாறவில்லை, அளக்கும் கையும் மாறவில்லை. கேட்கப்பட்ட வினா மாறியது. விடையின் மதிப்பும் மாறிவிட்டது.

இதனால்தான் ஐரோப்பிய நரம்பியல் சங்கங்களின் கூட்டமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுநெறிகள், மருத்துவப் பரிசோதனையோடு சேர்த்துப் பயன்படுத்தத்தக்க துணைச்சான்றாக இதனைப் பரிந்துரைத்தன. இயல்புநடுக்கமா நடுக்குவாதமா என்னும் ஐயத்தில் இது நன்கு கைகொடுக்கிறது. நடுக்குவாதத்தை ஒத்துவரும் அரிய நோய்களுள் பலமண்டலச் சிதைவு என்பதில் கரும்பொருள் பெரும்பாலும் இயல்பாகவே தெரியும். மருந்தால் வந்த நடுக்கத்திலும் அவ்வாறே. அத்தகைய நோயாளியிடம் திட்டுத் தெரிந்தால், மருந்துக்குப் பின்னே மறைந்திருக்கும் நோய் ஒன்று உண்டோ என மருத்துவர் எண்ணிப்பார்க்கிறார்.

நோயின் கடுமையை அறிய மட்டும் இது உதவாது. ஐந்தாண்டு இடைவெளியில் அதே நோயாளிகளை மீண்டும் அளந்தபோது, நோய் முற்றியிருந்தும் திட்டின் அளவு குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லை. ஆகவே, மருந்து பலிக்கிறதா என்று பார்க்க ஆண்டுதோறும் இச்சோதனையைச் செய்வதில் பொருளில்லை.

முன்பே தெரிந்தால்

திட்டு மாறுவதில்லை என்றால், நோய்க்குறிகள் தோன்றுமுன்பே அது இருந்திருக்க வேண்டும் அல்லவா? இவ்வினா செருமனியிலும் ஆஸ்திரியாவிலும் ஓர் ஆய்வுக்கு வழிவகுத்தது. டூபிங்கன், ஹோம்பர்க், இன்ஸ்பிரக் ஆகிய மூன்று நகரங்களில், நடுக்குவாதம் இல்லாத, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 1847 பேர் சோதிக்கப்பட்டனர். மூன்றாண்டுகளுக்குப்பின் அவர்களுள் 11 பேருக்கு நோய் தோன்றியிருந்தது. தொடக்கத்திலேயே மிகை எதிரொலிப்பு காணப்பட்டவர்களுக்கு, அது இல்லாதவர்களைவிட நோய்வரும் வாய்ப்பு 17 மடங்கு மிகுந்திருந்தது. டானியேலா பெர்க் தலைமையிலான குழு இதனை 2011-இல் வெளியிட்டது.

17 மடங்கு என்பது அச்சமூட்டும் எண். ஆனால் திட்டு இருந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் அம்மூன்று ஆண்டுகளில் நோயின்றியே இருந்தனர் என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது. சிறிய எண்ணை 17 ஆல் பெருக்கினாலும் வருவது சிறிய எண்ணே. அழிவைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இருப்பவை குறிகளைத் தணிப்பவை. அவ்வாறிருக்க, வேறு காரணத்திற்காகத் தலையில் மீயொலிச் சோதனை செய்துகொண்ட நலமான ஒருவரின் திரையில் இத்திட்டுத் தற்செயலாகத் தென்பட்டால், அதை அவரிடம் சொல்வதா வேண்டாவா? சொன்னால், ஒவ்வொரு முறை காப்பிக் குவளை தளும்பும்போதும் அவர் தம் கையை உற்றுப்பார்ப்பார். சொல்லாதிருந்தால், தம் உடலைப் பற்றிய செய்தியை அறியும் உரிமை அவருக்கு மறுக்கப்படும். சோதனைக்கு முன்பே, எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடம் கேட்டுவிடுவதே இப்போதைக்கு நேர்மையான வழியாகத் தோன்றுகிறது.

உலக அளவில் இயங்கும் இயக்கக்கோளாறு மருத்துவர் சங்கம் 2015-இல் நடுக்குவாதத்தின் முன்நிலையைக் கணிப்பதற்கான அளவுகோல் ஒன்றை வகுத்தது. அதில் கரும்பொருளின் மிகை எதிரொலிப்பு ஓர் இடம் பெற்றது, தனித்தன்று. வயது, குடும்பத்தில் நோய் இருந்தமை, மணம் அறியாமை, மலச்சிக்கல், கனவில் கைகால் வீசுதல் எனப் பலவும் ஒவ்வொன்றாக எடைபோடப்பட்டு, எல்லாம் சேர்ந்தே ஒருவருக்கு நோய் தொடங்கியிருக்கும் வாய்ப்பு கணக்கிடப்படுகிறது. செல்லழிவைத் தடுக்கும் மருந்து ஒன்று என்றேனும் உருவானால், அதனை முதலில் யாரிடம் சோதித்துப் பார்ப்பது என்று முடிவுசெய்ய இக்கணக்கு வேண்டியிருக்கும். இப்போது அது பெரிதும் ஆய்வாளர்களின் கையில்தான் இருக்கிறது.